விதிப்புத்தகத்தில் இல்லாத வித்தைக்கு எதுவரை இடம் கொடுப்பது?

திருப்பூர் வாசகரின் கேள்வி, 05.10.2025

நாங்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஆட்டத்தை நடத்துவது நான். இன்று எங்கள் பூசாரிப் பாத்திரத்தை ஆடுபவர், தண்ணீர் உண்டாக்கும் முதல்நிலை மந்திரத்தை எதிரித் தலைவனின் நுரையீரலுக்குள் போடுவதாகச் சொன்னார். கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். மறுத்தால் கற்பனையைக் கொல்கிறேன் என்கிறார். அனுமதித்தால் இனி வரும் எந்த எதிரியும் ஒரு சுற்றுக்கு மேல் உயிரோடு இருக்க மாட்டான். ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் அவரிடம் என்ன சொல்வது?

05.10.2025, இரவு

அந்த மந்திரத்தின் வாசகத்தை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 30 அடி தூரத்துக்குள் இருக்கும் ஒரு திறந்த கலத்தில் 10 கேலன் வரை, அதாவது ஏறக்குறைய 38 லிட்டர் தண்ணீரை உண்டாக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. மூச்சு விடும் மனிதனின் நெஞ்சு திறந்த கலம் ஆகாது என்று சொல்லி அங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடித்தால் அடுத்த வாரம் அவர் வாயைத் திறந்து தூங்குகிற எதிரியோடு வருவார். சொல்லை வைத்து நடத்தும் வழக்கில் சொல்லுக்கு எப்போதும் இன்னொரு பொருள் அகப்படும்.

நான் சொல்லும் காரணம் வேறு. எதிராளிக்குத் தடுத்துப் பார்க்க ஒரு பகடைகூடத் தராமல் ஒரே சொல்லில் உயிரை எடுக்கும் மந்திரம் அதே புத்தகத்தில் உச்சமான ஒன்பதாம் நிலையில் இருக்கிறது. அதுவும் 100 உயிர்ப்புள்ளிக்கு (அடி தாங்கும் கணக்கு) மேல் வைத்திருப்பவனைக் கொல்லாது. ஒன்பதாம் நிலை மந்திரத்துக்கே அவ்வளவு வரம்பு இருக்கும்போது முதல்நிலை மந்திரம் அதைவிட எளிதாகக் கொல்லுமானால், வாள் பிடிப்பவரும் வில் பிடிப்பவரும் இத்தனை மாதம் வளர்த்த பாத்திரங்கள் என்ன ஆவது? அந்த மேசையில் ஆறு பேர் இருக்கிறீர்கள். ஒருவருடைய யோசனையை ஏற்கும்போது அதற்கான விலையை மற்ற நால்வர் கொடுக்கிறார்களா என்று பார்ப்பது ஆட்டம் நடத்துபவரின் வேலை.

இன்னொன்றையும் கேளுங்கள். அடுத்த அறையில் இருக்கும் எதிரிப் பூசாரி இதையே அவருடைய பாத்திரத்துக்குச் செய்தால் ஏற்றுக்கொள்வாரா? நான் இதைக் கேட்ட மூன்று நான்கு தடவையும் யோசனையைச் சொன்னவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

08.10.2025

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு நான் விதியின் பக்கம் சாய்கிறவன் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். அது என் எண்ணம் இல்லை என்பதற்கு எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஈரோட்டில் என் வீட்டில் ஐந்து பேர் கூடுகிறோம். ஆட்டத்தின் உலகத்தை நானே கட்டினேன். நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. சென்னிமலைக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கக்கூடிய தூரம்தான். இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கல் அறுத்துத் தீட்டிய பட்டறைகளும், தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகளும் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன. காங்கயத்துக்கு அருகில் உள்ள படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. இவற்றை வைத்துக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் ஒரு வணிகச் சாத்தின், அதாவது வணிகக் கூட்டத்தின், கதையாக நடத்துகிறேன். டிராகனுக்குப் பதில் மலைக்காட்டில் வேறு சில உயிர்கள். பகடையும் கணக்கும் மாறவில்லை.

ஒருநாள் சாத்தைக் காவலர்கள் மடக்கிவிட்டார்கள். தலைவனும் எங்கள் ஆட்டக்காரர் ஒருவரின் பாத்திரமும் பத்துப் பேர் நடுவில் நிற்கிறார்கள். கல் எந்த மூட்டையில் இருக்கிறது என்பதைத் தலைவனுக்குச் சொல்ல வேண்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது. விதிப்படி இதற்கு ஏமாற்றும் திறனுக்கான பகடை உருட்ட வேண்டும். அவருக்கு அந்தத் திறன் கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "ஏனுங்ணா, எங்க அப்புச்சி பொள்ளாச்சிச் சந்தையில மாட்டுத் தரகருங்க. தோள்ல இருக்கற துண்ட எடுத்து அவரு கைமேல போடறேனுங்க. மாடு வெல பேசற மாதிரி. துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு எத்தனாவது மூட்டைன்னு சொல்லீர்றேன்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, எந்த விரலைச் சேர்த்துப் பிடித்தால் எந்த எண் என்று செய்து காட்டினார். நான் பகடை கேட்கவில்லை. காவலர்களுக்கு முன்னால் இரண்டு வியாபாரிகள் மாட்டு விலை பேசினார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது. நான்கு வருடமாக நடக்கும் ஆட்டத்தில் அதற்கு இணையான ஒரு நிமிடம் எங்களுக்கு வாய்த்ததில்லை. அங்கே நான் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லி, அதில் 3 விழுந்திருந்தால், அந்த மனிதர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்ததைத் தட்டிவிட்டவன் ஆகியிருப்பேன்.

ஆனால் துண்டு அதோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் ஒரு தடவை, அதற்கடுத்த வாரம் ஒரு தடவை வந்தது. மூன்றாம் முறை யவன வணிகன் ஒருவனின் கைமேல் துண்டைப் போட்டார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் ஒரு முறை "சரி" என்று சொன்னது விதியாகிவிட்டது, ஆனால் அந்த விதியை யாரும் எழுதவில்லை. அன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன்: துண்டுப் பேச்சு இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் நடக்கும், எண்ணை மட்டும் சொல்லலாம், வாக்கியத்தைச் சொல்ல முடியாது, சந்தையில் பழகியவன் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். அந்த நோட்டு இப்போது விதிப்புத்தகத்தின் மேல் இருக்கிறது. இதுவரை பதினோரு தீர்ப்புகள் அதில் ஏறியிருக்கின்றன.

09.10.2025

சேலத்து நண்பர் ஒருவர், பழைய நாளில் விதி குறைவாக இருந்தது, பிறகு புத்தகம் எழுதுகிறவர்கள்தான் கெடுத்தார்கள் என்கிறார். வரலாறு அப்படி ஒரே திசையில் போகவில்லை. 1824இல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் கொண்டுவந்த போர்ப்பயிற்சி ஆட்டத்தில் பகடையும் சேத அட்டவணைகளும் நிறைந்திருந்தன. அந்த அட்டவணைகளின் பாரம் தாங்காமல் 1876இல் அதே படையின் அதிகாரி வெர்டி து வெர்னுவா, அனுபவமுள்ள நடுவர் தன் அறிவால் முடிவு சொன்னால் போதும் என்று ஒரு வகையை முன்வைத்தார். நாம் இன்று சண்டை போடும் இரண்டு பக்கமும் அப்போதே இருந்தன.

1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி ஒரு கற்பனை நகரத்தை வைத்து ஆட்டம் நடத்தினார். ஆளுக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்ததும் அவர்கள் அவர் திட்டமிடாத பேச்சுகளிலும் சதிகளிலும் இறங்கிவிட்டார்கள். ஆட்டம் கெட்டுப்போனது என்று அவர் நினைத்தார்; ஆடியவர்கள் இன்னொரு தடவை நடத்தச் சொல்லிக் கேட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து உருவாக்கியதுதான் 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நடத்துபவரின் கை மீறிப் போனதில்தான் இந்த வகை ஆட்டமே பிறந்தது என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அது பெட்டியில் போட்டு விற்கப்பட்டபோது உள்ளே விதிகளோடுதான் போயிற்று என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத ஐந்து பேர் வேறு ஊரில் உட்கார்ந்து ஆட வேண்டுமானால் அவர்களுக்குப் பொதுவாக ஏதாவது வேண்டும்.

14.10.2025

சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்றை எழுதுகிறேன்.

எங்கள் மேசையில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வரும் ஒரு பெண் இருக்கிறார். பேச்சு குறைவு. அவருடைய பாத்திரம் மலை ஏறுபவள். ஏறுவதிலும் தாவுவதிலும் திறனைச் சேர்த்துச் சேர்த்து பகடையில் 7 கூட்டிக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். ஆறு மாதம் கழித்து ஒரு கோட்டைச் சுவர் வந்தது. சங்ககிரியை மனதில் வைத்து வரைந்த சுவர். அவருக்காகவே வரைந்தேன் என்று சொன்னாலும் தவறில்லை.

நான் சுவரை விவரித்து முடிக்கும் முன்னரே நம்முடைய துண்டுக்காரர் தொடங்கிவிட்டார். இரண்டு வண்டியைக் குடைசாய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவது, நுகத்தடியில் கயிற்றைக் கட்டி வீசுவது, கயிற்றை எங்கே முடிச்சுப் போடுவது என்று ஐந்து நிமிடம் அருமையாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அது கண்முன் நடந்தது. "ஏறிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். பகடை இல்லை. அவர் பாத்திரம் கயிற்றை இறக்க, எல்லாரும் ஏறினார்கள். மலை ஏறுபவளும் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறினாள்.

அடுத்த இரண்டு வாரம் அந்தப் பெண் வரவில்லை.

நல்ல யோசனைக்குப் பகடை வேண்டாம் என்று நான் பெருமையாகச் சொல்லிவந்த கொள்கை, உண்மையில் நன்றாகப் பேசத் தெரிந்தவருக்குப் பகடை வேண்டாம் என்பதாக மாறியிருந்தது. பேசத் தெரியாதவருக்கு, அல்லது பேச விரும்பாதவருக்கு, தன் பாத்திரத்தின் ஏட்டில் எழுதிய எண் ஒன்றுதான் குரல். அந்த எண்ணை நான் மதிக்காவிட்டால் அவருக்கு அந்த மேசையில் எதுவும் இல்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுவருக்கு இலக்கு எண் 15. அந்தப் பெண்ணுக்கு 7 கூடும் என்பதால் இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், 65 விழுக்காடு. திறன் ஏதும் இல்லாத துண்டுக்காரருக்கு 15 விழ வேண்டும், 30 விழுக்காடு. நல்ல யோசனைக்குப் பரிசாக ஐந்தாம் பதிப்பில் ஒரு வழி இருக்கிறது: இரண்டு பகடை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அதை அவருக்குக் கொடுத்திருந்தால் 30 என்பது 51 ஆகியிருக்கும். யோசனை வீண்போகவில்லை; ஆனாலும் ஆறு மாதம் உழைத்து வளர்த்தவரின் 65ஐ அது தாண்டவும் இல்லை. அதே யோசனையை இருவரும் சேர்ந்து செய்திருந்தால், வண்டியை நிறுத்துவது அவர், ஏறுவது அந்தப் பெண் என்று வைத்தால், அந்தப் பெண்ணுக்கு ஏறக்குறைய 88 விழுக்காடு. இந்த வழி என் கண்முன் இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது பகடை என்பது 5 கூட்டுவதற்குச் சமம் என்பதால், விதி தெரியாதவர்களும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

15.10.2025

திருத்தம். நேற்றைய கடைசி வரி தவறு என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொல்வதே சரி. 11 விழ வேண்டிய இடத்தில் 50 விழுக்காடு 75 ஆகிறது. அங்கே மட்டும்தான் 5 கூட்டியதற்குச் சமம். 20 விழுந்தே ஆக வேண்டும் என்ற இடத்தில் 5 விழுக்காடு 9.75 ஆகிறது, அது 1 கூட்டியது போலத்தான். யோசித்துப் பார்த்தால் இது நமக்கு நல்லதே. பாதி நடக்கக்கூடிய காரியத்துக்கு யோசனை பெரிதாகக் கை கொடுக்கிறது. நடக்கவே முடியாத காரியத்தை யோசனையால் நடத்திக்காட்ட முடிவதில்லை. திருப்பூர் நண்பரின் ஆட்டக்காரர் இதைக் கவனிக்க வேண்டும்.

19.10.2025

நாளை தீபாவளி என்பதால் இந்த வாரம் ஆட்டம் இல்லை. ஊரில் இருக்கிறேன். சின்ன வயதில் இங்கே கோயில் திடலில் கேட்ட உடுக்கைப் பாட்டு நினைவுக்கு வந்தது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவார்கள். பாடுகிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக் கதையை நீட்டுவார், சுருக்குவார். குழந்தைகள் நிறைய இருந்தால் கொம்பன் என்ற காட்டுப்பன்றி வரும் இடம் அரை இரவு ஓடும். பெண்கள் நிறைய இருந்தால் அவர்கள் தங்கை தங்காளின் புலம்பல் நீளும். ஆனால் எந்தப் பாட்டுக்காரரும் சங்கரைப் படுகளத்திலிருந்து தப்ப வைத்ததில்லை. அப்படிப் பாடியிருந்தால் ஊர் எழுந்து போயிருக்கும்.

ஆட்டத்திலும் இப்படிச் சிலவற்றைத் தொடக்கூடாதவையாக வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் நீட்டவும் சுருக்கவும் விடலாம் என்று தோன்றுகிறது. எங்கள் மேசையில் தொடக்கூடாதவை: செத்தவர் செத்தவர்தான், பகடை விழுந்த பிறகு திரும்ப உருட்டுவதில்லை, இன்னொருவருடைய பாத்திரம் என்ன நினைக்கிறது என்று அவரைத் தவிர யாரும் சொல்லக் கூடாது.

20.10.2025

காலையில் எழுந்து யோசித்தபோது நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டும் என்று பட்டது. உடுக்கைக்காரருக்கு முடிவு தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். எங்கள் சாத்து கடற்கரை போய்ச் சேருமா என்று எனக்கே தெரியாது. தெரிந்துவிட்டால் ஆட வேண்டியதில்லை. ஆகவே கதையின் முடிவைத் தொடக்கூடாததாக வைக்க முடியாது.

தாயம் இதற்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறது. எங்கள் தெருவில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அம்முச்சி வீட்டில் ஐந்து விழுந்தாலும் இறக்குவார்கள். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கட்டம் போட்டவுடன் அம்முச்சி கேட்பார்: "உங்கூரு ஆட்டமா, எங்கூரு ஆட்டமா கண்ணு?" அதைப் பேசி முடித்த பிறகுதான் சோழி கைக்கு வரும். இரண்டில் எதை ஆடினாலும் எனக்குக் குறை இருந்ததில்லை. ஆட்டத்தின் நடுவில், நான் தோற்கும் நேரத்தில், விதி மாறினால்தான் அழுதிருக்கிறேன். திருப்பூர் நண்பர் அடுத்த புதிய கதையைத் தொடங்கும் முன் ஒரு வாரத்தை இந்தப் பேச்சுக்கே ஒதுக்கலாம்.

26.10.2025

திருப்பூரிலிருந்து செய்தி வந்திருக்கிறது. எதிரிப் பூசாரிக் கேள்வியைக் கேட்டதும் அவருடைய ஆட்டக்காரர் நுரையீரலைக் கைவிட்டார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இன்று அவர்களுக்கு ஒரு கதவு வந்தது. மறுபக்கம் இருக்கும் கனமான தாழைத் தூக்க வேண்டும். கயிறு மட்டும் ஒரு சந்து வழியாகப் போகும், ஆள் போக முடியாது. அவர் கயிற்றின் இந்த முனையில் ஒரு அண்டாவைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் அதே மந்திரத்தால் தண்ணீரை நிறைத்தார். திறந்த கலம், 38 லிட்டர், ஆகவே 38 கிலோ. தாழ் எழும்பிவிட்டது.

இதைப் படித்தவுடன் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. வாசகத்தின் ஒரு சொல்லையும் அவர் மீறவில்லை. தண்ணீருக்கு எடை உண்டு என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை, அவர் கண்டுகொண்டார். வரம்பு அப்படியே நின்றதால்தான் அவர் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். திருப்பூர் நண்பர் பகடை கேட்காமல் விட்டதும் சரி. அங்கே வேறு யாருடைய திறனும் வீணாகவில்லை.

03.11.2025

கோபிப் பெண்ணிடம் நேரில் கேட்டேன். அவர் வராததற்குச் சுவர்தான் காரணம் என்று அக்டோபர் 14ஆம் தேதி நானாக முடிவு செய்து இங்கே எழுதிவிட்டேன், அவரிடம் கேட்கவில்லை. இரண்டு வாரமும் வீட்டில் மஞ்சள் வேலை என்று முதலில் சொன்னார். சற்றுப் பொறுத்து, "சொவத்துமேல அவரு ஏறுனதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்ணா, அது நல்ல யோசனைதானுங்க. நீங்க என்னைய ஒரு வார்த்தை கேக்கவே இல்லீங்க" என்றார்.

பகடைக் கணக்கு முழுவதும் சரியாகவே இருந்தாலும், நான் அதைத் தவறான இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். 30, 51, 65 எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. சுவரை விவரித்து முடித்ததும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவரிடமும் "நீங்க என்ன செய்யறீங்க" என்று கேட்டிருக்க வேண்டும். எல்லார் பதிலையும் கேட்ட பிறகே எதையும் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். நோட்டில் பன்னிரண்டாவதாக இதை எழுதினேன். நேற்று அப்படித்தான் நடத்தினோம். ஆட்டம் மெதுவாகப் போனது. மூன்று மணி நேரத்தில் இரண்டு காட்சிதான் முடிந்தது. மெதுவாகப் போனதைப் பற்றி ஐவரில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

10.11.2025

நேற்று நடந்ததை எழுதி ஒரு கேள்வியும் கேட்கிறேன்.

கொடுமணல் பட்டறையின் அடியில் ஒரு நிலவறை. மேலே நான்கு பேர் சேர்ந்தாலும் அசையாத கல்மூடி. வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். கோபிப் பெண்ணின் முறை வந்தபோது அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்துக் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றனவாம். இரண்டு தூண், நடுவில் உருளை, மேலே ஓடும் வடம், சரிவில் மாடு இறங்க இறங்க மேலே வரும் தண்ணீர்ச் சால். சாலுக்குப் பதில் கல்மூடி என்றார். மாடு சாத்து வண்டியிலேயே இருக்கிறது. சரிவு வேண்டும் என்பதற்காகப் பட்டறைக்குப் பின்னால் உள்ள ஆற்றங்கரையைக் காட்டினார்.

துண்டுக்கு நான் விலை வைக்கவில்லை; இதற்கு முன்கூட்டியே வைத்தேன். அரை மணி நேரம் ஆகும், உருளைச் சத்தம் காவலுக்குக் கேட்கும், வடம் அறுந்தால் இழுவையில் இருக்கும் மாடுகள் ஆற்றுக்குள் சரியக்கூடும். சம்மதமா என்று கேட்டேன். சம்மதம் என்றார். இலக்கு எண் 15, மாடு இழுப்பதால் இரண்டு பகடை. 4ம் 6ம் விழுந்தன. அவருடைய 7ஐக் கூட்டினாலும் 13. கல் ஒரு முழம் எழும்பியபோது வடம் அறுந்தது.

மேசையில் யாரும் மூச்சு விடவில்லை. அவர்தான் முதலில் பேசினார்: "மாட்ட மொதல்ல புடிங்க."

துண்டுக்காரர் உடனே தான் ஓடிப்போய் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பதாகச் சொன்னார். அங்கே ஆட்டத்தை நிறுத்தினோம். விலங்குகளைக் கையாளும் திறன் என்று புத்தகத்தில் தனியாக ஒன்று உண்டு. அவருடைய பாத்திரத்துக்கு அது இல்லை. ஆனால் என் நோட்டின் முதல் பக்கத்தில், இவன் மாட்டுச் சந்தையில் பழகியவன் என்று நானே எழுதியிருக்கிறேன். சந்தையில் விலை பேசத் தெரிந்தவனுக்கு மிரண்ட மாட்டை நிறுத்தத் தெரிந்திருக்குமா? எனக்கு இரண்டாவது பகடையைக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. மாடுகளை இழுவையில் பூட்டியது அந்தப் பெண்ணின் திட்டம் என்பதால் அவரிடமும் கேட்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும். மாடு பிடித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.